சமூகச் செலவும் நச்சு வரம்பும்: வில்லியம் காப் ஆய்வுகள்வழிப் புதுக்கோட்டை மாவட்ட நீர்நிலைகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நீர்நிலை கெடும்போது இருவகை வினாக்கள் எழுகின்றன. நீரில் கலந்தது எது, அது எந்த அளவில் உயிர்களைத் தாக்கும் என்பது முதல் வகை. கலந்தவர் யார், இழப்பைச் சுமப்பவர் யார், தடுக்க வேண்டிய விதி எது என்பது இரண்டாம் வகை. முதல் வகைக்கு நீர்சார் நச்சியலும் இரண்டாம் வகைக்கு நிறுவனப் பொருளியலும் விடை தேடுகின்றன. இவ்விரு துறைகளையும் இணைக்கும் பாலமாகப் பொருளியலறிஞர் கார்ல் வில்லியம் காப் உருவாக்கிய சமூகச் செலவுக் கோட்பாடு அமைகிறது. அக்கோட்பாட்டை விளக்கி, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊரணி, கண்மாய், கடலோர இறால் பண்ணை ஆகியவற்றில் அதனைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். நச்சு வரம்பு என்பது ஆய்வகத்தில் கிடைக்கும் எண் மட்டுமாக நிற்கும்வரை அது எவரையும் காப்பதில்லை என்பதும், அளக்கும் பொறுப்பு யாரிடம் உள்ளது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிறுவனப் பொருளியல், நீர்சார் நச்சியல், சமூகச் செலவு, வில்லியம் காப், புதுக்கோட்டை, கண்மாய், இறால் பண்ணை

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர வட்டங்களான மணமேல்குடியிலும் ஆவுடையார்கோவிலிலும் இறால் பண்ணைகள் உள்ளன. இறால் வளர்ப்போர் தம் குட்டை நீரின் பி.எச். அளவையும் அம்மோனியா அளவையும் தவறாமல் சோதித்து வருவது இத்தொழிலின் இயல்பு. அளவு மீறினால் இறால் இறக்கும். போட்ட முதல் போய்விடும். அதே நீர் மதகைத் தாண்டி ஓடையில் விழுந்தபின் அதனைச் சோதிக்கும் தேவை வளர்ப்போருக்கு எழுவதில்லை. வேதியியல் நோக்கில் கரையின் இருபுறமும் உள்ளது ஒரே நீர். பொருளியல் நோக்கில் அந்நீர் கரையைத் தாண்டும்போது வேறொன்றாகிவிடுகிறது. உள்ளே இருக்கும்வரை அது முதலீட்டின் பகுதி. வெளியேறியபின் அது எவருடைய கணக்கேட்டிலும் ஏறாத கழிவு.

இந்த மாற்றத்தை நச்சியல் மட்டும் கொண்டு விளக்க இயலாது. பொருளியல் மட்டும் கொண்டும் விளக்க இயலாது. இரண்டையும் ஒருசேரக் கருதிய அறிஞர் மரபு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று. அம்மரபின் முன்னோடியான காப் எழுதியவற்றைத் தமிழகச் சூழலில் வாசிக்க வேண்டிய தேவை இன்று மிகுந்துள்ளது.

நிறுவனம் என்னும் கலைச்சொல்

தமிழில் 'நிறுவனம்' என்றதும் வணிக அமைப்போ அலுவலகமோ நினைவுக்கு வரும். நிறுவனப் பொருளியல் அச்சொல்லை விரிந்த பொருளில் ஆள்கிறது. மக்கள் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறையை வரையறுக்கும் சட்டம், வழக்கம், உரிமை, தண்டம், எழுதப்படாத கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் நிறுவனங்களே. கண்மாயில் எந்த மடையை எப்போது திறப்பது என்னும் ஊர் வழக்கம் ஒரு நிறுவனம். கழிவுநீரின் தரத்தை வரையறுக்கும் அரசு விதியும் ஒரு நிறுவனம்.

தோர்ஸ்டைன் வெப்லன், ஜான் ஆர். காமன்ஸ் முதலியோர் அமெரிக்காவில் இத்துறைக்கு அடித்தளம் இட்டனர். காமன்ஸ் 1934இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'நிறுவனப் பொருளியல்' என்பதாகும். சந்தை தானாக இயங்கும் ஒன்று என்னும் கருத்தை இவர்கள் ஏற்கவில்லை. எது எவருடைய உடைமை, எந்தத் தீங்கு குற்றமாகக் கொள்ளப்படும், எது பொறுத்துக்கொள்ளப்படும் என்பவற்றை விதிகள் முன்னரே முடிவு செய்துவிடுகின்றன. சந்தை அதன் பின்னரே தொடங்குகிறது என்பது இவர்தம் நிலைப்பாடு. பின்னாளில் பொதுவளங்களை மக்கள் தாமே பேணும் முறைகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே.

வில்லியம் காப்: வாழ்வும் ஆய்வுப் பரப்பும்

காப் 1910இல் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெனிவாவில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். 1950இல் அவர் வெளியிட்ட 'தனியார் தொழில்முயற்சியின் சமூகச் செலவுகள்' என்னும் நூல் அவருடைய தலையாய படைப்பாகும். காற்று மாசு, நீர் மாசு, மண்ணரிப்பு, தொழிலாளர் உடல்நலக் கேடு முதலியவற்றைத் தனித்தனி இயல்களில் அந்நூல் ஆராய்கிறது. பொருளியல் நூலொன்றில் நீர் மாசு தனி இயலாக இடம்பெறுவது அக்காலத்தில் அரிது. சுற்றுச்சூழல் சீர்கேட்டை உலகறியச் செய்த ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளிவந்தது 1962இல்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

இந்தியாவோடும் காப் ஆய்வுத் தொடர்பு கொண்டிருந்தார். இந்திய ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களின் விளைவுகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். இந்தியப் பண்பாட்டையும் பொருளாதாரத் திட்டமிடலையும் இணைத்து அவர் எழுதிய நூல் 1963இல் வெளிவந்தது. 1965 முதல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1976இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கைப்படிகளிலிருந்து தொகுக்கப்பட்ட 'நிறுவனப் பொருளியலின் அடித்தளங்கள்' 2011இல் நூல்வடிவம் பெற்றது.

காப் ஆய்வகத்தில் பணியாற்றியவர் அல்லர். மீனையோ நண்டையோ வைத்துச் சோதனை செய்தவரும் அல்லர். அத்தகைய சோதனைகளின் முடிவுகள் பொருளியலின் கணக்குக்குள் வந்தாக வேண்டும் என்று முறைப்படி வாதிட்டவர் என்பதே அவரது சிறப்பு.

சமூகச் செலவு: கோஸ், காப் கருத்து வேறுபாடு

ஓர் ஆலை தன் கழிவை ஆற்றில் விடுகிறது. அதைத் தூய்மைப்படுத்த ஆகும் செலவு ஆலைக்கு மிச்சமாகிறது. கீழ்ப்பகுதியில் மீன் இறக்கிறது; கிணறு கெடுகிறது; நோய் வருகிறது. இந்த இழப்பு ஆலையின் வரவுசெலவில் இல்லை. மூன்றாம் நபர்மீதோ சமூகத்தின்மீதோ இவ்வாறு ஏற்றப்படும் இழப்பையே காப் 'சமூகச் செலவு' என்றார்.

மரபுவழிப் பொருளியல் இத்தகைய இழப்பைப் 'புற விளைவு' என்று அழைக்கிறது. சந்தை சரியாக இயங்குகையில் தற்செயலாக நேரும் குறை என்பது அச்சொல்லின் உட்பொருள். காப் இதனை மறுத்தார். செலவைக் குறைத்து இலாபத்தைப் பெருக்குவதை இலக்காகக் கொண்ட அமைப்பில் செலவைப் பிறர்மேல் தள்ளுவது விதிவிலக்கன்று, அவ்வமைப்பின் இயல்பான போக்கே என்று அவர் வாதிட்டார். தள்ளப்படும் செலவு பெரும்பாலும் எதிர்க்க வலுவற்றவர்கள்மேல் சென்று சேர்கிறது என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

ரொனால்டு கோஸ் 1960இல் எழுதிய 'சமூகச் செலவின் சிக்கல்' என்னும் கட்டுரை இதே பொருளை வேறு வழியில் அணுகியது. உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டு, பேரம் பேசுவதற்குச் செலவு ஏதும் இல்லாதபோது இருதரப்பும் தமக்குள் பேசியே பயனுள்ள தீர்வை எட்டலாம் என்பது அதிலிருந்து பெறப்பட்ட புகழ்பெற்ற கருத்தாகும். நடைமுறை உலகில் பேரத்துக்குச் செலவு உண்டு என்பதைக் கோஸ் தாமே விரிவாக எடுத்துரைத்தார். எனினும் அவரைப் பின்பற்றிய பலர் பேரத்தையே தீர்வாகக் கொண்டனர். பேரம் பேச அமர்வோரின் வலிமை சமமாக இல்லாதபோது என்ன நேரும் என்பதே காப் வழிவந்த அறிஞர்களின் வினா.

பேரத்துக்கு மாற்றாகக் காப் முன்வைத்தது பாதுகாப்பு வரம்பு என்னும் கருத்தாகும். உடல்நலத்துக்கும் உயிர்ச்சூழலுக்கும் தாங்கக்கூடிய உச்ச அளவை அறிவியல் ஆய்வின் துணையால் கண்டறிய வேண்டும். அவ்வளவைச் சமூகம் விதியாக ஏற்க வேண்டும். பொருளியல் முடிவுகள் அவ்விதிக்கு உட்பட்டே எடுக்கப்பட வேண்டும். தூய நீருக்கு மக்கள் எவ்வளவு பணம் தர முன்வருவர் என்று கேட்டு அதன் மதிப்பைக் கணக்கிடும் முறையை அவர் ஏற்கவில்லை. ஏழையால் குறைவாகவே தர முடியும் என்பதால் அவருடைய உடல்நலம் குறைந்த மதிப்புடையதாகிவிடாது. நிறுவனப் பொருளியல் நச்சியலை நாடி வரும் இடம் இதுவே.

நீர்சார் நச்சியல் அளந்து கூறுவது

நீரில் கலக்கும் பொருள்கள் நீர்வாழ் உயிர்களை எவ்வாறு தாக்குகின்றன என்பதை ஆராயும் துறை நீர்சார் நச்சியல் ஆகும். இதன் அடிப்படைச் சோதனை எளிமையானது. ஒரு பொருளின் வெவ்வேறு செறிவுகளில் மீன்களையோ டாஃப்னியா போன்ற சிறு நீர்வாழ் உயிர்களையோ குறிப்பிட்ட நேரம் வைத்திருந்து, எந்தச் செறிவில் பாதி உயிர்கள் இறக்கின்றன என்று பார்ப்பர். மீன்களுக்கு இந்நேரம் பொதுவாக 96 மணி. இவ்வாறு பெறப்படும் அளவு எல்.சி. 50 எனப்படும்.

பாதி உயிர்கள் சாகும் அளவு பாதுகாப்பான அளவாகாது. சாகாமல் எஞ்சிய மீனும் இனப்பெருக்கத் திறனை இழக்கலாம். எதிரியிடமிருந்து தப்பும் விரைவை இழக்கலாம். ஆகையால் சோதனையில் கிடைத்த எண்ணைப் பத்தாலோ நூறாலோ ஆயிரத்தாலோ வகுத்துப் பாதுகாப்பு வரம்பைக் கணிக்கின்றனர். எந்த எண்ணால் வகுப்பது என்பதில் சான்று எவ்வளவு உள்ளது என்னும் அறிவியல் கணிப்பும், எவ்வளவு இடரை ஏற்கலாம் என்னும் சமூக முடிவும் சேர்ந்தே இருக்கின்றன. நச்சியலின் உள்ளேயே நிறுவனத்தின் வினா ஒளிந்திருக்கிறது எனலாம்.

அம்மோனியா இதற்குத் தக்க சான்று. இறாலுக்கு இடும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனின் சிறு பகுதியே இறாலின் உடலில் சேர்கிறது. எஞ்சியது கழிவாகவும் தின்னாத தீவனமாகவும் நீரில் தங்கி அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா நீரில் இருவடிவில் இருக்கும். அம்மோனியம் என்னும் மின்னூட்டம் பெற்ற வடிவம் ஓரளவு தீங்கற்றது. மின்னூட்டம் பெறாத தனி அம்மோனியா மீனின் செவுள் வழியே எளிதில் உட்புகுந்து கொல்லும் தன்மையது. இவ்விரண்டின் விகிதத்தை நீரின் பி.எச். அளவும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரில் பி.எச். 7ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடே தனி அம்மோனியா. பி.எச். 8ஆகும்போது அது ஏறத்தாழ 5 விழுக்காடு. பி.எச். 9ஆகும்போது ஏறத்தாழ 36 விழுக்காடு. உவர்நீரில் இவ்விகிதம் சற்றுக் குறையுமேனும் போக்கு மாறுவதில்லை.

பாசி மிகுந்த நீரில் பகலில் ஒளிச்சேர்க்கை நடைபெறுவதால் கரியமிலவாயு குறைந்து பி.எச். உயர்கிறது, இரவில் தாழ்கிறது. ஆகவே ஒரே குட்டையில், ஒரே நாளில், விடியற்காலையில் எடுத்த மாதிரியும் பிற்பகலில் எடுத்த மாதிரியும் நச்சுத்தன்மையில் பன்மடங்கு வேறுபடலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் மொத்த அம்மோனியா உள்ள நீரில் பி.எச். 8 எனில் தனி அம்மோனியா ஏறத்தாழ 0.1 மில்லிகிராம்; பி.எச். 9 எனில் 0.7 மில்லிகிராம். வரம்பு 0.5 என வைத்தால் காலை மாதிரி தேறும். பிற்பகல் மாதிரி தவறும். மாதிரியை யார் எடுக்கிறார், எந்த நேரத்தில் எடுக்கிறார் என்பது அலுவலக நடைமுறை போலத் தோன்றினாலும் முடிவையே மாற்றவல்லது.

மினமாட்டா: அறிந்ததற்கும் விதியானதற்கும் இடையே

நச்சியல் உண்மையைக் கண்டறிந்தபின்னும் நிறுவனங்கள் அசையாதிருந்தமைக்கு ஜப்பானின் மினமாட்டா நகரம் உலகறிந்த சான்று. அங்கு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் பரவுவது 1956 மே மாதத்தில் முறையாகப் பதிவாயிற்று. மீனவக் குடும்பங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன. அவர்களின் வீட்டுப் பூனைகளும் துள்ளி விழுந்து இறந்தன. 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தனர். அதே ஆண்டில் சிஸ்ஸோ வேதியியல் ஆலையின் மருத்துவமனை மருத்துவர் ஹஜிமே ஹோசோகாவா, ஆலைக் கழிவை உண்ட பூனைக்கு அதே நோய் வருவதைச் சோதனையில் கண்டார். அம்முடிவு வெளியிடப்படவில்லை. ஜப்பானிய அரசு ஆலையின் கழிவே காரணம் என்று முறையாக ஏற்றது 1968 செப்டம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கழிவு தொடர்ந்து கடலில் கலந்தது. நீகாட்டா பகுதியிலும் 1965இல் அதே நோய் கண்டறியப்பட்டது.

1959 டிசம்பரில் ஆலைக்கும் நோயாளிகளுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 'ஆறுதல் பணம்' என்னும் பெயரில் சிறு தொகை வழங்கப்பட்டது. ஆலையே காரணம் என்று பின்னர் தெரியவந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்பதில்லை என்னும் விதி அதில் இருந்தது. கோஸ் வழிவந்தோர் கூறும் பேரம் நடந்தேறியது. ஆனால் நோயாளிகளுக்குத் தெரியாத சோதனை முடிவு ஆலையிடம் இருந்தது. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அவ்வுடன்படிக்கை பொது ஒழுங்குக்கு மாறானது என்று கூறிச் செல்லாததாக்கியது.

ஜப்பானியப் பொருளியலறிஞர் ஷிகெட்டோ ட்சுரு இத்தகைய நிகழ்வுகளை ஆராய 1963இல் மாசு ஆய்வுக் குழு ஒன்றை உருவாக்கினார். வெவ்வேறு துறையினர் அதில் ஒன்றிணைந்தனர். 1970 மார்ச் மாதத்தில் டோக்கியோவில் அவர் முன்னின்று நடத்திய பன்னாட்டுக் கருத்தரங்கில் காப் பங்கேற்றார். நிறுவனப் பொருளியலும் மாசு பற்றிய அறிவியலும் ஒரே மேசையில் அமர்ந்த தொடக்கக் காலச் சந்திப்புகளுள் அதுவும் ஒன்று.

புதுக்கோட்டையின் ஊரணியும் கண்மாயும்

1974 ஜனவரியில் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இல்லை. ஒரு பகுதிக்குக் கல்லணைக் கால்வாய் நீர் எட்டுகிறது. எஞ்சிய பரப்பு மழையையும் ஆயிரக்கணக்கான கண்மாய், ஏரி, குளங்களையுமே நம்பியுள்ளது. குளம் வெட்டியமை, குமிழி அமைத்தமை, குளப் பராமரிப்புக்கு நிலம் அளித்தமை ஆகியவை பற்றிய கல்வெட்டுகள் இம்மாவட்டத்தில் மிகுதி. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது.

கண்மாய் நிர்வாகம் ஆஸ்ட்ரம் வகுத்த நெறிகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆயக்கட்டு எது என்னும் எல்லை தெளிவானது. மடை திறக்கும் முறை ஊரார் அறிந்தது. நீர்பாய்ச்சிக்கு உரிய பங்கு விளைச்சலில் வழங்கப்பட்டது. முறை மீறியவருக்கு ஊர் தண்டம் விதித்தது. குடிக்கும் ஊரணி, குளிக்கும் குளம், மாடு இறங்கும் குட்டை எனப் பயன்பாட்டைப் பிரித்து வைத்ததும் இவ்வழக்கத்தின் பகுதியே. குடிநீர் ஊரணியில் கால் நனைக்கக் கூடாது என்னும் கட்டுப்பாடு எழுத்தில் இல்லாத நீர்த்தர விதி.

இந்நிறுவனம் இயங்குவதற்கு ஓர் அடிப்படை இருந்தது. கண்மாயில் உள்ள நீரின் அளவு அனைவர் கண்ணுக்கும் தெரியும். கலிங்கில் மறுகால் பாய்கிறதா, கடை மடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கண்காணிப்பு எளிதாக இருந்ததால் விதியும் உயிரோடிருந்தது. நஞ்சு அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. பூச்சிக்கொல்லி எச்சமோ தனி அம்மோனியாவோ கலந்த நீர் தெளிவாகவே இருக்கலாம். நீரின் அளவைக் காக்க உருவான நிறுவனம் நீரின் தன்மையைத் தானாகக் காத்துவிடாது. 2017இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் தூர்வாருதல், கரையைப் பலப்படுத்துதல், மதகு, கலிங்குகளைச் சீரமைத்தல் ஆகியவற்றையே மையமாகக் கொண்டிருந்தது.

பழைய நிறுவனத்தைக் குறையற்றதாகக் கருதவும் இடமில்லை. எந்த நீர்த்துறையில் யார் இறங்கலாம் என்பதைப் பல ஊர்களில் பிறப்பே முடிவு செய்தது. ஊரணியின் தூய்மை அங்கே அளவீட்டின் வழியாக வரையறுக்கப்படவில்லை. சாதி வரிசையின் வழியாக வரையறுக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் பயன்படுத்திய மேல்நிலை நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. மினமாட்டாவில் பூனைகளும் மீனவர்களும் இருந்த இடத்தில் இங்குக் குழந்தைகள் இருந்தனர். சோதனைக் கருவி சென்று சேராத இடத்தில் மனித உடலே சோதனைக் கருவியாகிவிடுகிறது. செலவு வலுவற்றவர்மேல் சென்று சேரும் என்னும் காப் கூற்று பணத்தைப் பற்றியது மட்டுமன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கடலோர இறால் பண்ணைகளும் 1996 தீர்ப்பும்

1990களின் தொடக்கத்தில் தமிழகக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் விரைந்து பெருகின. விளைநிலமும் உப்பளமும் குட்டைகளாயின. குடிநீர்க் கிணறுகள் உவர்ப்பாவதாகவும் கடலுக்குச் செல்லும் வழி அடைபடுவதாகவும் கடலோர மக்கள் முறையிட்டனர். சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை நேரில் ஆய்வு செய்யுமாறு நீதிமன்றம் பணித்தது. அந்நிறுவனத்தின் அறிக்கை நீரின் தன்மையை ஆராய்ந்ததோடு நில்லாமல், இறால் வளர்ப்பால் கிடைக்கும் வருவாயையும் அதனால் நேரும் சூழல், சமூக இழப்பையும் ஒப்பிட்டு, இழப்பே மிகுதி என்று கூறியது. நச்சியலும் சமூகச் செலவும் ஒரே ஆவணத்தில் இணைந்து நீதிமன்றம் ஏறிய நிகழ்வாக இதனைக் கருதலாம்.

1996 டிசம்பர் 11 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழி வளர்ப்பும் மேம்படுத்தப்பட்ட மரபுவழி வளர்ப்பும் தவிர்ந்த இறால் பண்ணைகள் அமைவதற்குத் தடை விதிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் நெறியும் முன்னெச்சரிக்கை நெறியும் அத்தீர்ப்பின் அடிப்படைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கிலும் இந்நெறிகள் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்திருந்தது.

எனினும் விதி அங்கேயே நிலைத்துவிடவில்லை. மறுஆய்வு மனுக்கள் தொடர்ந்தன. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், ஒழுங்குமுறை மண்டலத் தடையிலிருந்து இத்தொழிலை விலக்கி, பதிவு, உரிமம், கழிவுநீர்த் தரம் ஆகியவற்றின் வழியே ஒழுங்குபடுத்தும் முறையைக் கொண்டுவந்தது. அதன்படி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணையம் ஒன்று செயல்படுகிறது. அது வகுத்த தரத்தின்படி வெளியேறும் நீரில் தனி அம்மோனியா, கடலில் விடப்படும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும், கழிமுகத்திலோ ஓடையிலோ விடப்படும்போது 0.5 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவைக்கான வரம்பு முறையே 50, 20 மில்லிகிராம். ஓடை நீர் குறைவாகக் கலந்து மெதுவாகவே அகல்வதால் அதற்குக் கடுமையான வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. இவை அறிவியல் அடிப்படையுள்ள விதிகளே. காப் கோரிய பாதுகாப்பு வரம்பின் வடிவம் இங்கு உள்ளது.

அளவீட்டின் உரிமை

வரம்பு உள்ளது, ஆனால் அதனை அளப்பவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. கண்மாய் நீரை ஊரே பார்த்துக் காத்தது. ஓடை நீரின் அம்மோனியாவைக் காண அலுவலர் வந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குட்டை நீர் பெருமளவில் வெளியேறுவது அறுவடையின்போதாகும். அந்நேரத்தில் எடுக்கப்படாத மாதிரி உண்மை நிலையைக் காட்டாது. பி.எச். அளவைக் குறிக்காத அம்மோனியா அளவு முழுமையான செய்தியாகாது. எண் ஒன்றாயினும் அதன் பொருளை நேரமும் இடமும் அளப்பவரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர்.

அளப்பதற்கான கருவி கிராமத்துக்கு அயலானதன்று என்பதும் கருதத்தக்கது. பி.எச். சோதனைப் பெட்டியும் அம்மோனியா சோதனைப் பெட்டியும் இறால் வளர்ப்போரிடமே புழக்கத்தில் உள்ளன. நீரைச் சோதிக்கும் திறனும் பழக்கமும் கரைக்கு உள்ளே ஏற்கெனவே உள்ளன. கரைக்கு வெளியே அவற்றுக்கான கடமையும் உரிமையும் வகுக்கப்படவில்லை. அம்மோனியா இறாலைக் கொல்லும்வரை அது தனிச் செலவு, ஆகவே அளக்கப்படுகிறது. ஓடை மீனைக் கொல்லும்போது அது சமூகச் செலவு. ஆகவே அளக்கப்படாமல் போகிறது. கருவி இல்லாமை இங்குக் காரணமன்று. எந்த இழப்பு யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதே காரணம்.

இதிலிருந்து சில பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கழிவுநீர் மாதிரி எடுக்கும் நேரம், நீரின் பி.எச்., வெப்பநிலை ஆகியவற்றைக் குறிப்பது கட்டாயமாக வேண்டும்; அறுவடைக் காலம் அதில் அடங்க வேண்டும். இரண்டாவதாக, சோதனை முடிவுகள் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் அனைவரும் காணும்படி வைக்கப்பட வேண்டும். மினமாட்டாவில் மறைக்கப்பட்ட முடிவு எத்தனை ஆண்டுகளை விழுங்கியது என்பது இதன் இன்றியமையாமையை உணர்த்தும். மூன்றாவதாக, மீனவர், உழவர், பட்டியல் சாதிக் குடியிருப்போர் ஆகிய அனைவருக்கும் மாதிரி எடுக்கக் கோரும் உரிமை வேண்டும். பாதிப்பைச் சுமப்பவரிடம் அளக்கும் உரிமை இல்லாத நிறுவனம், பழைய ஊரணி வழக்கத்தின் குறையைப் புதிய வடிவில் தொடர்வதாகவே அமையும்.

முடிவுரை

நீர்சார் நச்சியல் தாங்கக்கூடிய அளவைக் கண்டறிகிறது. நிறுவனப் பொருளியல் அந்த அளவு மீறப்படும்போது மிச்சமாகும் பணம் யாரிடம் சேர்கிறது, இழப்பு யாரிடம் சேர்கிறது என்பதைக் காட்டுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் வரம்பு என்னும் விதி. வில்லியம் காப் எழுதியவை இச்சந்திப்புக்கான கோட்பாட்டு அடிப்படையை வழங்குகின்றன. மினமாட்டா அறிவு விதியாகாத நிலையின் விளைவைக் காட்டுகிறது. புதுக்கோட்டை மாவட்டமோ விதி இருந்தும் கண்காணிப்பு ஊரார் கையை விட்டு அகன்ற நிலையை எண்ணிப் பார்க்க வைக்கிறது. கண்மாயின் மடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்க் கண்களுக்கு ஓடை நீரின் தன்மையையும் பார்க்கும் வழி வகுக்கப்படுமாயின், பல நூற்றாண்டு கண்ட நீர் நிர்வாக மரபு புதிய பணியை ஏற்கும். அவ்வாறு வகுக்கப்படாதவரை, நீர் கெட்டதை முதலில் அறிவிப்பவை மீனும் குழந்தையின் உடலுமாகவே இருக்கும்.